பரந்தாமனைப் பற்றி நாலு வார்த்தை

ஜூன் 3, செவ்வாய்

இன்று வேலை போய்விட்டது.

காலையில் அஸ்வத் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். என் மேனேஜர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பக்கத்தில் எச்.ஆர். பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு போனில் பேசப் பயிற்சி கொடுக்க இனி ஆள் வேண்டாமாம், மென்பொருளே கொடுத்துவிடுமாம். பதினோரு வருஷ வேலையை அந்தப் பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்து முடித்தாள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எப்ப வரைக்கும் இருக்கும் மேடம்?" இந்த மாதக் கடைசி வரைக்குமாம். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, இடுப்பு ஆபரேஷன் முடிந்தாலும் பிசியோதெரபி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அதற்குள் அஸ்வத் அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். கிளம்பும்போது, "விஷா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? மெமரிக்கு" என்றார். விசாலாட்சி என்ற பெயரை அந்த ஆபீஸில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. பழக்கதோஷம், கேமராவைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

வீட்டில் இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று ரசம் வைத்திருந்தார். சொன்னேன். "சரி, முதல்ல சாப்பிடு" என்றார்.

ஜூன் 5, வியாழன்

மகள் தாரணியின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது மும்தாஜ் ஒரு லிங்க் அனுப்பினாள். அவள் இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறாள். "அக்கா, இதைப் பாருங்க. கோபப்படாதீங்க" என்று கீழே எழுதியிருந்தாள்.

உத்தியோகக்காரர்கள் கூடும் லிங்க்ட்இன்னில் அஸ்வத் போட்ட பதிவு. மேலே அந்தப் போட்டோ. அவர் கண் சிவந்து, நான் பல்லைக் காட்டிக்கொண்டு. ஆங்கிலத்தில் வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இன்று என் வாழ்வின் மிகக் கடினமான நாள். நான் ஒரு நல்ல ஊழியரை அனுப்ப வேண்டியிருந்தது. வாழ்க்கை கொடுத்த பேரிடிக்குப் பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்க்கும் பெண். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அழாதீர்கள், தலைவர்கள் அழக் கூடாது' என்றார். யார் யாருக்குத் தலைவர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது."

நான் அவர் கையைத் தொடவே இல்லை. நான் கேட்டது இன்ஷூரன்ஸைப் பற்றி.

கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். "கணவரை இழந்த பின்னும் என்ன ஒரு மனவலிமை!" என்று ஒருவர். "இந்தச் சகோதரிக்கு யாராவது வேலை கொடுங்கள், அவர் கணவரின் ஆன்மா வாழ்த்தும்" என்று இன்னொருவர். அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக.

அந்த ஆன்மா அப்போது பின்கட்டில் துவைத்த துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. இவர் சன்ஷேடிலிருந்து விழுந்தது அஸ்வத்துக்குத் தெரியும். அக்டோபரில் எனக்கு லீவு கொடுத்ததே அவர்தான்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இவரிடம் காட்ட வேண்டாம் என்று இருந்தேன். தாரணி காட்டிவிட்டாள். கமெண்டுகளை ஒவ்வொன்றாக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பரவால்லயே. நிறைய பேரு வந்திருக்காங்க. காபி குடுத்தியா எல்லாருக்கும்?" என்றார். தாரணி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

அஸ்வத்துக்கு போன் செய்தேன்.

"சார், எங்க வீட்டுக்காரர் இருக்காரு. எல்லாரும் செத்துட்டார்னு எழுதறாங்க. கொஞ்சம் மாத்திடுங்க."

"விஷா, நான் எங்க அப்படி எழுதினேன்? ஒற்றை ஆளாத்தானே குடும்பத்தை ஓட்டறீங்க? அது உண்மைதானே? படிக்கறவங்க அப்படி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

"ஒரு வரி சேர்த்துட்டா போதும் சார்."

"இப்ப போய் எடிட் பண்ணா ரீச் போயிடும், யாரும் பாக்க மாட்டாங்க. இது எனக்காக இல்ல விஷா, உங்களுக்காகச் சொல்றேன். எத்தனை ரெக்ரூட்டர்ஸ் என் இன்பாக்ஸ்ல உங்களைக் கேக்கறாங்க தெரியுமா? ஒரு வாரம் விடுங்களேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வாரம்தானே.

சிலிண்டர் வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

தாரணி லிங்க்ட்இன்னில் என் பெயரில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டாள். வேலை தேடுகிறேன் என்று அர்த்தமாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் போய் நின்றது போல இருந்தது.

அந்த இடத்தில் மனிதர்கள் எழுதுவதைக் காலை முழுக்கப் படித்தேன். ஒருவர் அப்பாவின் சிதைக்குப் பக்கத்தில் நின்றபோது விற்பனையைப் பற்றி மூன்று பாடங்கள் கற்றுக்கொண்டாராம். ஒருத்திக்குக் கரு கலைந்தது. மறுநாள் மீட்டிங்குக்குப் போனதை எழுதி, அதற்குப் பெயர் அர்ப்பணிப்பு என்கிறாள். எல்லாருக்கும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். சாவு வீட்டில் நின்றுகொண்டு விசிட்டிங் கார்டு கொடுப்பவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்போது ஓர் ஊரே அப்படி இருக்கிறது.

அங்கே பார்த்த வேலைகளுக்கு என் விவரங்களை அனுப்பினேன். பதில் இல்லை. அஸ்வத் பதிவின் கீழே மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

நெய்தல் கேர் என்ற கம்பெனியிலிருந்து ஷெரின் என்று ஒரு பெண் பேசினாள். வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் கம்பெனி. அண்ணா நகரில் ஆபீஸ். எங்கள் கொரட்டூரிலிருந்து ஒரே பஸ்.

"மேம், உங்க ஸ்டோரி எங்க ஃபவுண்டரை ரொம்ப டச் பண்ணிடுச்சு. அவரே உங்களை மீட் பண்ணணும்னு சொன்னார். ட்ரெய்னிங் ஹெட் ரோல்."

ட்ரெய்னிங் ஹெட். நானாக விண்ணப்பித்திருந்தால் என் பயோடேட்டாவைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவர் சோபாவில் உட்கார்ந்து கால் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. "போய்ட்டு வா" என்றார்.

அவளாக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 16, திங்கள்

நேர்முகம் முடிந்தது.

காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பொட்டு வைக்க மறந்துவிட்டேன். தாலிச் சரடு சுடிதாருக்குள்ளே இருந்தது. இந்த வெயிலில் வெளியே போட்டால் கழுத்தெல்லாம் அரிக்கும். காலில் மெட்டி போன மாதமே இறுக்கமாகத்தான் இருந்தது, கழற்றி வைத்திருந்தேன்.

நிறுவனர் பெயர் விவேக் நரேன். தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பதிலை முழுசாகக் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவ்வளவு நாள் ஆச்சு மேடம்?"

"எட்டு மாசம்" என்றேன்.

இவர் சன்ஷேடிலிருந்து விழுந்து எட்டு மாதம்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விவேக் நரேன் தலையைக் குனிந்துகொண்டார். ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்க கல்ச்சர்" என்றார் அவர். எனக்குக் கை கழுவ வேண்டும் போல இருந்தது. அங்கேயே பாத்ரூமுக்குப் போய்க் கழுவிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இட்லிக்கு ஊறப்போட்டேன். இவருக்குக் கால் வலி போல. அதிகம் பேசவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. முன்பு வாங்கியதைவிடச் சம்பளம் அதிகம். குடும்பம் முழுக்க இன்ஷூரன்ஸ். 'குடும்பம்' என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று அப்போதுதான் உறைத்தது. அதைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் மட்டும். ஷெரின் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை ஒரு குட்டி ஷூட் மேம். உங்க வீட்லயே. நீங்களும் பாப்பாவும். 'அந்தப் பதிவைப் பார்த்தோம், நாங்க சும்மா லைக் போட்டுட்டுப் போகல'ன்னு ஒரு வீடியோ. சாரோட போட்டோ ஹால்ல மாட்டியிருப்பீங்கல்ல, அது பேக்ரவுண்ட்ல வந்தா போதும்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி என்றிருப்பேன்.

சாயங்காலம் இவரிடம், "ரேணுகா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சே. ஞாயித்துக்கெழமை ஆட்டோ வெச்சுப் போய்ட்டு வாங்களேன்" என்றேன். ரேணுகா இவர் தங்கை, ஆவடியில் இருக்கிறாள். உண்மையிலேயே பார்த்து ரொம்ப நாளாயிற்று.

தாரணி படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தை மூடினாள். "அப்பாவை ஒளிச்சு வெக்கப் போறியாம்மா?"

"வாயை மூடு. இன்ஷூரன்ஸ் யாருக்காகடி? எனக்கா?"

இவர் அவளை உள்ளே போகச் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாக, "அன்னைக்கு நீ பொட்டு வைக்க மறந்துட்டுப் போகல விசாலம். வெச்சதை எடுத்துக் கண்ணாடில ஒட்டியிருந்ததை நான் பாத்தேன். கேக்க வேணாம்னு விட்டேன்" என்றார்.

குக்கர் விசில் அடித்தது. போய் அணைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் இவர் முகச்சவரம் செய்துகொண்டு நீலச் சட்டை போட்டுக்கொண்டார். ஆட்டோ ஒன்பதரைக்கு என்று சொல்லியிருந்தது. ஷூட்டிங் ஆட்கள் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். ஷெரின், கேமராவோடு ஓர் ஆள், விளக்குக் குடை தூக்கிக்கொண்டு இன்னொரு ஆள். ஹாலில் சோபாவில் இவர். எதிரே வாக்கர்.

"சார் யாரு மேம்?" என்றாள் ஷெரின்.

இவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். சும்மா பார்த்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"எங்க அண்ணன்" என்றேன்.

தாரணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஷெரினுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் சார்! அப்ப நீங்களும் நாலு வார்த்தை பேசுங்களேன், உங்க மச்சானைப் பத்தி. ரொம்ப நேச்சுரலா இருக்கும்."

வேண்டாம், அவருக்கு உடம்பு முடியாது என்று நான் ஏதோ சொன்னேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "பேசறேன்மா. எங்க பாக்கணும்? இதையா?" என்றார். அந்த ஆள் இவர் சட்டையில் சின்ன மைக்கைக் குத்தினான். வாக்கரை யாரோ ஓரமாக நகர்த்தி வைத்தார்கள்.

இவர் பேசினார்:

"பரந்தாமன் ஏசி மெக்கானிக்கா இருந்தாரு. நல்ல மனுஷனாத்தான் இருந்தாரு. மே மாசத்துல ராத்திரி எத்தனை மணிக்கு போன் பண்ணாலும் எடுப்பாரு. ஒரு வீட்டுக்குப் போனா, வயசானவங்க ரூம் எதுன்னு கேட்டு அதைத்தான் முதல்ல பாப்பாரு. கொஞ்சம் முன்கோபம் இருந்துச்சு. கிரிக்கெட் பாக்கும்போது யாரும் பேசக்கூடாது. குழம்புல உப்பு கம்மியா இருந்தா சொல்ல மாட்டாரு, எழுந்து போய் ஊறுகாய் எடுத்துக்குவாரு. பொண்டாட்டி வேலைக்குப் போறதுல அவருக்கு ரொம்பப் பெருமை. ஐடி கார்டை மாட்டிக்கிட்டு அவ தெருவுல நடந்து போறதை வாசல்ல நின்னு பாப்பாரு, அது அவளுக்குத் தெரியாது. அன்னைக்கு மேலேருந்து விழுந்தாரு பாருங்க, அப்பக்கூட நினைவு இருந்துச்சு. தூக்க வந்தவங்ககிட்ட, 'இப்ப அவளுக்கு போன் பண்ணாதீங்க, கிளாஸ்ல இருப்பா, பயந்துடுவா'ன்னுதான் சொன்னாரு."

கேமராக்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஷெரின் மூக்கை உறிஞ்சினாள். "சார், கடைசியா அவர் உங்க தங்கச்சிகிட்ட என்ன சொல்லியிருப்பார்னு ஒரு லைன்..."

"நிறுத்துங்க" என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும், பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. "இவருதான் பரந்தாமன். என் வீட்டுக்காரர். அண்ணன் கிடையாது. இவரு சாகல."

விளக்குக் குடைக்காரன் ஏன் விளக்கை அணைத்தான் என்று தெரியவில்லை. ஷெரின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் விவேக் நரேனிடம் பேசுவது கேட்டது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"மேம், ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆங்கிளை மாத்திக்கலாம்னு சொல்றார். 'படுத்த படுக்கையான கணவர்'னு பண்ணிக்கலாம். இன்னும் ஸ்ட்ராங்கா வரும். சாரால படுத்துக்க முடியுமா? ஒரே ஒரு ஷாட்."

அவள் என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவளாக இருப்பாள். தோளில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு நிஜமாகவே உதவி செய்கிற முகத்தோடு நின்றாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளைப் பார்த்து மட்டும் இல்லை.

"கிளம்பும்மா. எடுத்ததை அழிச்சிடு" என்றேன்.

அவர்கள் கேமராவை மடித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. இவர் எழுந்தார். வாக்கரை நானே எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"போக வேணாங்க."

"சொல்லி வெச்சாச்சு. ரேணுகா சமைச்சிருப்பா" என்று போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

ஷெரின் பேசினாள். ட்ரெய்னிங் ஹெட் வேலையை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். வீடியோவை அழித்துவிட்டார்களாம்.

இவர் ஆவடியிலேயே இருக்கிறார். தாரணியோடு தினமும் போனில் பேசுகிறார். நான் கூப்பிட்டால் ரேணுகா எடுத்து, "அண்ணன் குளிக்கறாரு அண்ணி" என்கிறாள். இத்தனை குளியல் இவர் கல்யாணத்துக்குக்கூடக் குளித்ததில்லை.

ஜூன் 26, வியாழன்

அஸ்வத் பதிவின் கீழே தமிழிலேயே எழுதினேன்.

"இந்தப் போட்டோவில் இருப்பது நான்தான். என் பெயர் விசாலாட்சி. என் கணவர் பரந்தாமன் உயிரோடு இருக்கிறார். விழுந்து அடிபட்டுத் தேறி வருகிறார். இது அஸ்வத்துக்கு முன்பே தெரியும். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை, அவருக்கு அறிவுரை சொல்லவும் இல்லை. தெரிந்தும் மூன்று வாரம் பேசாமல் இருந்தது என் தப்பு."

அண்ணன் என்று சொன்னதை எழுதவில்லை. அது அவர்களுக்கு எதற்கு?

ஜூன் 27, வெள்ளி

ஏமாற்றுக்காரி என்கிறார்கள். புருஷனைக் கொன்று வேலை தேடியவள் என்கிறார்கள். போன வாரம் கைகூப்பிய அதே ஆட்கள், அதே சிரித்த போட்டோக்கள். அஸ்வத் பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்: 'நம்பிக்கை உடையும்போது ஒரு தலைவர் கற்றுக்கொள்வது என்ன?' அதற்கும் இதயங்கள்.

ஒரு பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "நான் நிஜமாகவே கணவரை இழந்தவள். இரண்டு வருஷமாக வேலை தேடுகிறேன். என்னை யாரும் எழுதவில்லை." அவளுக்குப் பதில் எழுத மூன்று முறை ஆரம்பித்து அழித்தேன்.

பக்கத்தை மூடிவிட்டேன். தாரணி பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் சேர்த்து டீ போட்டாள்.

ஜூலை 3, வியாழன்

இவர் இன்று காலை தானாகவே ஆட்டோவில் வந்து இறங்கினார். ரேணுகா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை என் கையில் கொடுத்தார். கேட்டால் பதில் சொல்கிறார். தானாக எதுவும் பேசவில்லை.

ஜூலை 9, புதன்

மும்தாஜுக்குத் தெரிந்த ஒரு கண் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் போனை எடுத்துப் பேசும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். நேரே போனேன். எஸ்தர் என்ற அம்மா என் கதை எதையும் கேட்கவில்லை. ஹெட்போனைக் கொடுத்து, வருகிற போனை எடுக்கச் சொன்னார். கண்புரை ஆபரேஷனுக்குப் பயந்துபோன ஒரு பெரியவர். பொறுமையாகப் பேசித் தேதி வாங்கிக் கொடுத்தேன். எஸ்தர் என்னைத் திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிடச் சொன்னார். சம்பளம் முன்பைவிடக் குறைவு.

வெளியே வரும்போது எஸ்தர் கேட்டார்: "வீட்டுக்காரருக்கு இப்ப கால் எப்படி இருக்கு?"

அப்படியென்றால் எஸ்தரும் அந்தப் பதிவையெல்லாம் படித்திருக்கிறார். வேலை எதற்காகக் கிடைத்தது, போனில் பேசியதற்கா, இல்லை அதற்கா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை. இனிமேல் யார் எனக்கு நல்லது செய்தாலும் இப்படித்தான் முகர்ந்து பார்ப்பேன் போலிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

நாளைக்குப் போட்டுக்கொண்டு போகப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தாரணி டியூஷன் போயிருந்தாள். இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தானாகப் பேசினார்.

"அந்த வீடியோவை நிஜமாவே அழிச்சிட்டாங்களா?"

"அழிச்சிட்டோம்னுதான் சொன்னா."

"ஒரு காப்பி கேட்டு வாங்கியிருக்கலாம்."

"எதுக்குங்க அது?"

"இல்ல..." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "பரந்தாமனைப் பத்தி இதுவரைக்கும் யாரும் அவ்ளோ நல்லதா பேசினதில்ல. அதான்."

இஸ்திரிப் பெட்டியை அணைத்து நிமிர்த்தி வைத்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால் அன்று அவர் பேசியதுதான் ஒரு வரி விடாமல் நினைவில் இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். ஏசி மெக்கானிக், மே மாதத்துப் போன், வயசானவங்க ரூம், கிரிக்கெட், குழம்பில் உப்பு, வாசலில் நின்று பார்ப்பது, எல்லாம். அவர் 'இருந்தாரு' என்று சொன்ன இடத்திலெல்லாம் 'இருக்காரு' என்று சொன்னேன்.

நடுவில் அவர் என்னை நிறுத்தவில்லை.